பின் சீட்டுக்கு வராத காற்று

மெக்கானிக் அந்தோணி சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, காரின் டேஷ்போர்டில் இருந்த வட்டத் துவாரத்துக்கு நேரே பிடித்தார். கைக்குட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

"பாத்துக்கிருங்க மொதலாளி. இதுக்கு மேல காத்து வேணும்னா வள்ளத்துல ஏறிக் கடலுக்குத்தான் போகணும்."

முற்றத்து வெயிலில் கார் நான்கு கதவுகளையும் விரித்துக்கொண்டு நின்றது. என் வாப்பா குனிந்து, துவாரத்துக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்கள். டிரைவர் சேது அண்ணன், அந்தக் காற்றைத் தானே ஊதி அனுப்பியது போலப் பெருமையாகத் தலையை ஆட்டினார். மூன்று பேருக்கும் பரம திருப்தி.

நான் சன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது மூன்றாவது தடவை. அதே கைக்குட்டை, அதே படபடப்பு, அதே "பாத்துக்கிருங்க". இன்னும் ஒரு தடவை அந்தக் கைக்குட்டையைப் பார்த்தால் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாம் என்று இருந்தது எனக்கு.

ஏனென்றால் அந்தக் காரில் காற்று வந்தால்தான் நான் பரிட்சை எழுத முடியும். பரிட்சைக்குப் பதினொரு நாள் இருந்தது.

கொழும்பு கார்

இந்தத் தொடரில் வாப்பாவைக் கொஞ்சம் அதிகமாகவே காய்ச்சுகிறேன் என்று என் தம்பிக்கு வருத்தம். போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு, "லாத்தா, வாப்பா நல்லவுகதான, அதையும் எழுதுங்களேன்" என்றான். நல்லவர்கள்தான். நல்லவர்கள் செய்கிற அநியாயத்துக்குத்தான் யாரிடமும் முறையிட முடியாது. இதையும் எழுதிவிட்டேன், அவனுக்குத் திருப்தியாக இருக்கட்டும்.

வாப்பாவுக்குக் கொழும்பில் கடை. வருஷத்தில் பாதி அங்கே, பாதி கீழக்கரையில். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு பெரிய காரைக் கப்பலில் ஏற்றித் தூத்துக்குடியில் இறக்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கரும்பச்சை நிறம். ஊரே திரண்டு வந்து தடவிப் பார்த்தது.

அந்தக் காரில் ஒரு விசேஷம் உண்டு. முன் கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம் ஒரு சின்ன மூடி. உள்ளே இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் அது திறக்கும். கார் ஓடும்போது வெளிக்காற்று அதன் வழியாகப் புகுந்து, டேஷ்போர்டில் இரண்டு பக்கமும் இருக்கிற துவாரங்கள் வழியாக உள்ளே வரும். நின்ற இடத்திலும் காற்று வேண்டுமென்றால் ஒரு பொத்தானை இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன விசிறி ஒன்று உறுமிக்கொண்டு சுற்றும்.

சேது அண்ணனுக்கு அந்த விசிறி என்றால் உயிர். அவர் திருப்புல்லாணிக்காரர். எங்களிடம் வருவதற்கு முன் சரக்கு லாரி ஓட்டியவர். ஒரு தடவை வாப்பாவின் கூட்டாளி ஒருவருக்காகக் காரை இராமேஸ்வரம் கொண்டுபோனார். அப்போது பாம்பனில் ரயில் பாலம் மட்டும்தான். காரை மண்டபத்தில் ரயில் வண்டியில் ஏற்றித்தான் அந்தப்பக்கம் கொண்டுபோக வேண்டும். கார் கயிற்றில் கட்டப்பட்டு ரயில் மேல் நிற்க, இவர் உள்ளே உட்கார்ந்து பாலம் முடிகிற வரைக்கும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனாராம். ஏன் அண்ணே என்று கேட்டால், "என் பொறுப்புல இருக்கிற வண்டி பாப்பா, ரயில்காரன நம்பி விட முடியுமா" என்பார். அப்படிப்பட்டவரிடம் காரில் குறை இருக்கிறது என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது எவ்வளவு பாடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திரை பறந்த கதை

கார் வந்த மறுவாரமே தையல்காரர் வந்தார். பின்பக்கச் சன்னல்களுக்கும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக்கும், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவிலும் திரை தைத்தார். அடர்ந்த மெரூன் துணி. எங்கள் ஊரில் கார் வைத்திருந்த நாலைந்து வீடுகளிலும் அப்படித்தான். பெண்கள் பின்னால் ஏறுவார்கள், திரை விழும், கார் கிளம்பும்.

முதலில் கண்ணாடியை இறக்கி வைத்துத் திரையை மட்டும் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு நாள் திருப்புல்லாணியில் திருவிழாக் கூட்டம். கார் மெதுவாக ஊர்ந்துபோகும்போது கடற்காற்று ஒரு வீச்சு வீசியது. வலது பக்கத் திரை அப்படியே மேலே ஏறிவிட்டது. உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மறைப்பதற்குள் பாதித் தெரு பார்த்துவிட்டது. பார்த்தவர்கள் தேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது என் கட்சி. வாப்பா கேட்கவில்லை. அன்றிலிருந்து, பெண்கள் ஏறினால் பின் கண்ணாடி இரண்டும் மேலே ஏறிவிட வேண்டும் என்பது சட்டம்.

இன்னொரு சட்டம், எழுதப்படாதது. பின் சீட்டில் ஆண்கள் உட்கார மாட்டார்கள். தனியாகப் போனாலும் வாப்பா முன்னால், சேது அண்ணன் பக்கத்தில்தான் உட்காருவார்கள். திரை போட்ட சீட்டில் ஓர் ஆண் உட்கார்ந்து போவதை யாராவது பார்த்தால் என்ன ஆகும். வீட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட எந்த ஆணும் அந்தப் பின் சீட்டில் ஒரு மைல்கூடப் போனது கிடையாது.

இந்த இரண்டு சட்டங்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பரிட்சை இவற்றுக்கு நடுவில்தான் மாட்டிக்கொண்டது.

மயக்கம்

நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நின்றேன் என்றா சொன்னேன், நிறுத்தினார்கள். ஆனால் வீட்டுக்கு ஒரு டீச்சர் வந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர்தான் வாப்பாவிடம் நச்சரித்து, எட்டாம் வகுப்புப் பொதுப் பரிட்சையை நான் தனியாக எழுத அனுமதி வாங்கினார். பரிட்சை இராமநாதபுரத்தில், நான்கு நாள். பஸ்ஸில் போகக் கூடாது, காரில் உம்மாவோடு போய் உம்மாவோடு திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைக்கு நான் ஓடிப்போய்த் தலையாட்டினேன்.

விண்ணப்பத்தில் நேரில் கையெழுத்துப் போட ஒரு நாள் போக வேண்டியிருந்தது. பங்குனி வெயில். பின்னால் நானும் உம்மாவும். கண்ணாடி ஏறியது, திரை விழுந்தது. திருப்புல்லாணி தாண்டும்போதே முதுகில் வியர்வை ஆறாக ஓடியது. தோல் சீட்டின் வாடை, பெட்ரோல் வாடை, உம்மா தலையில் வைத்திருந்த மல்லிகை வாடை எல்லாம் சேர்ந்து குமட்டியது. காது இரைந்தது. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது உம்மாவின் மடியில் கிடந்தேன். உம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எப்படியோ போய்க் கையெழுத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினோம். வாப்பா வீட்டுக்கு வந்ததும் சொன்னார்கள்:

"காத்து வராத வண்டியில ஒன்னைய நாலு நாளு அனுப்ப மாட்டேன். வண்டி சரியாவட்டும், பாப்போம். ஆவலேன்னா பரிட்சை வேணாம். புள்ளையோட உசுரவிடப் பரிட்சை பெருசில்ல."

பாசத்தில்தான் சொன்னார்கள். அந்தப் பாசத்தை எதிர்த்து என்ன பேசுவது.

மூன்று வைத்தியம்

கார் இராமநாதபுரத்துக்கு அந்தோணியின் பட்டறைக்குப் போனது. முதல் தடவை, அந்தச் சின்ன மூடிக்குக் கீழே இருந்த கம்பி வலையில் உடை முள்மரத்து இலையும் மணலும் அடைத்திருந்ததாம். இரண்டு கை நிறைய அள்ளிவிட்டு, காரோடு அவரே வீட்டுக்கு வந்தார். கைக்குட்டை பறந்தது. உம்மாவும் நானும் ஏறி, கண்ணாடியை ஏற்றித் தெருமுனை வரை போனோம். காற்று இல்லை.

இரண்டாவது தடவை, துவாரத்துக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயில் கிழிசல். சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுப்போட்டார். கைக்குட்டை பறந்தது. நாங்கள் ஏறினோம். காற்று இல்லை.

மூன்றாவது தடவை, விசிறியின் வயர் ஒன்று தளர்ந்துபோய், விசிறி பாதி வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதையும் சரிசெய்து, வழக்கம்போலக் காருடன் அவரே கீழக்கரைக்கு வந்தார். நான் முதலில் சொன்ன காட்சி அதுதான். அன்றைக்கும் அவர் போன பிறகு நாங்கள் ஏறிப் பார்த்தோம். நிலைமை அதேதான்.

அந்தோணி பொய் சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்த மூன்று கோளாறும் உண்மை. ஆனால் அவர் காரைச் சோதித்ததெல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் உள்ளே வந்து பார்க்க முடியாது. எங்களிடம் கேட்கலாம். ஆனால் மெக்கானிக் எப்படி வீட்டுப் பெண்களிடம் கேட்பார். சேது அண்ணனிடம் கேட்டார்.

"எனக்கு மொகத்துல சும்மா சிலுசிலுன்னு அடிக்குது. பொய் சொல்லக் கூடாதுல்ல" என்றார் சேது அண்ணன்.

"அப்ப வண்டியில ஒண்ணுமில்ல மொதலாளி. சில பேரு ஒடம்புக்குக் காரு ஒத்துக்கிறாது" என்று அந்தோணி தீர்ப்பு எழுதிவிட்டார். வாப்பாவுக்குப் பித்தத்தின் மேல் சந்தேகம். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்து முகரச் சொன்னார்கள். சேது அண்ணன் தனியாக ஒரு விஞ்ஞானம் வைத்திருந்தார்: பின்னால் ஆள் ஏறினால் எடை கூடுகிறது, வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்கிறது, அதனால் மூடிக்குள் காற்று புகுவதில்லை. இதை அவர் சிரிக்காமல் சொன்னார். என் உம்மா மெலிந்த உடம்பு. நான் அதைவிட.

சாம்பிராணி

மறுநாள் மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகு வீடு உறங்கியது. சேது அண்ணன் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கார்ச் சாவி ஆணியில் தொங்கியது. எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை.

வியாழக்கிழமை புகை போடுகிற சாம்பிராணித் தட்டில் நெருப்பை எடுத்துக்கொண்டு கார்க் கொட்டகைக்குப் போனேன். முன் சீட்டின் கால் வைக்கும் இடத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே தட்டை வைத்தேன். பின் கண்ணாடிகளை ஏற்றினேன். நடுத்திரையை இழுத்துவிட்டேன். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை மட்டும், சேது அண்ணன் எப்போதும் வைத்திருப்பது போல முழுக்க இறக்கி வைத்தேன். சாவியைத் திருப்பி விசிறியைப் போட்டுவிட்டுப் பின் சீட்டில் ஏறி, நடுத்திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன்.

புகை எழும்பியது. திரை வரைக்கும் வந்தது. அப்புறம் ஒரு சுற்றுச் சுற்றி, டிரைவர் சன்னல் வழியாக நேரே வெளியே போய்விட்டது. எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது எனக்கு விளங்கியது. உள்ளே வருகிற காற்று வெளியே போக வழி வேண்டும். பின்னால் எல்லாம் அடைத்துக் கிடக்கிறது, போக வழியில்லை, அதனால் வரவும் வழியில்லை. திறந்திருப்பது சேது அண்ணனின் சன்னல் ஒன்றுதான். வருகிற காற்று முழுக்க அவர் முகத்தில் சிலுசிலுவென்று அடித்துவிட்டு அவர் சன்னல் வழியாகவே போய்விடுகிறது. மனுஷன் பொய் சொல்லவில்லை.

டிரைவர் கண்ணாடியை ஏற்றினேன். மறுபடி பின்னால் ஏறி, கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன். புகை நடுத்திரைக்குக் கீழே குனிந்து நுழைந்து, என் முழங்காலைத் தாண்டி, முகத்தைத் தாண்டி, அந்த இரண்டு விரல் சந்தில் போய் வெளியேறியது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கொட்டகையிலிருந்து புகை வருவதைச் சேது அண்ணன் பார்த்துவிட்டார். "மொதலாளி, காரு தீப்பிடிச்சிருச்சு" என்று கத்திக்கொண்டு குடத்தோடு ஓடி வந்தார். பின்னாலேயே வாப்பா, பாதித் தூக்கத்தில், தொப்பி இல்லாமல்.

"தண்ணி ஊத்தாதீக அண்ணே. சாம்பிராணிதான்" என்றேன் உள்ளேயிருந்து.

வாப்பா கதவைத் திறந்தார்கள். திட்டு வரப்போகிறது என்று தெரிந்தது. அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வாப்பா, திட்டுறதுக்கு முன்னாடி இங்கன ஒரு தடவ உக்காருங்க. நூறு எண்ணுற வரைக்கும். அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"எங்கன?"

"பின்னால."

வாப்பா சேது அண்ணனைப் பார்த்தார்கள். சேது அண்ணன் மரியாதையாகக் குடத்தைப் பார்த்தார். கொட்டகைக்குள் வேறு யாரும் இல்லை என்பதால்தான் ஏறினார்கள் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன்: பின் கண்ணாடி மேலே, திரை கீழே, டிரைவர் சன்னல் திறந்து. தட்டை எடுத்து வெளியே வைத்துவிட்டு, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து விசிறியைப் போட்டேன். வாப்பா எண்ணுவது திரைக்குப் பின்னால் கேட்டது. நாற்பதில் குரல் தளர்ந்தது. அறுபதில் நின்றது.

"போதும் புள்ள. தொறந்து விடு."

"தொறக்க வேணாம் வாப்பா. ஒங்க பக்கத்துக் கண்ணாடிய ரெண்டு விரல் எறக்குங்க." இந்தப் பக்கம் நான் டிரைவர் கண்ணாடியை ஏற்றினேன்.

திரைக்குப் பின்னால் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு "ம்" என்று ஒரு சத்தம். கதவைத் திறந்து இறங்கியபோது வாப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சேது அண்ணனிடம் சொன்னார்கள்:

"இனிமே பொம்பளையாளுக ஏறுனா ஒன் கண்ணாடி மேல இருக்கணும்."

சேது அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. "கை காட்ட வேணாமா மொதலாளி?"

"திருப்பம் வந்தா எறக்கு, காட்டு, ஏத்திரு."

"வெத்தல துப்பணுமே."

"நாலு நாளைக்கு முழுங்கு" என்றார்கள் வாப்பா.

பின் கண்ணாடி இரண்டு விரல் மட்டும் என்று அளவும் போட்டார்கள். திரை பறக்குமே என்ற கவலைக்கு உம்மா வழி சொன்னார்கள். வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கிற ஈயக்குண்டுகளைக் கடற்கரைத் தெருவிலிருந்து வாங்கிவரச் சொல்லி, திரையின் அடி மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்துவிட்டார்கள். நடுத்திரையை அடியில் ஒரு சாண் குறைத்தார்கள். அந்தோணி பிற்பாடு வந்து பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார்.

முதல் நாள்

பரிட்சைக்குப் போனோம். மயங்காமல் போய் இறங்கினேன். எழுதினேன். மத்தியானம் திரும்பும்போது நல்ல வெயில். சேது அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாயில் வெற்றிலையுடன், ஒரு வார்த்தை பேச முடியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். நடுத்திரைக்குக் கீழே காற்று வந்து காலைத் தொட்டு மேலே ஏறியது. உம்மாவின் முக்காட்டு ஓரம் மெல்ல ஆடியது.

திருப்புல்லாணி வந்தபோது உம்மா சொன்னார்கள், சேது அண்ணனுக்குக் கேட்காத குரலில்:

"இந்த எடத்துக்கு வந்தா எனக்குக் கண்ணு இருட்டிரும். எப்பவும்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"கைய நகத்தால கிள்ளிக்கிட்டே உக்காந்திருப்பேன். விழுந்துறக் கூடாதுன்னு."

"எத்தன நாளா உம்மா?"

"கண்ணாடி ஏத்தச் சொன்ன நாள்லேருந்துதான்."

ஆறு வருஷம். மாதம் ஒரு தடவை இராமநாதபுரத்தில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தார்கள் உம்மா. உம்மா வீட்டைவிட்டு வெளியே போகிற ஒரே இடம் அது. ஒரு தடவைகூட முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

"வாப்பாகிட்ட ஏன் சொல்லல?"

உம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், இதுகூடத் தெரியாதா என்பது போல.

"சொன்னா, அப்பப் போக வேணாம்னுருவாக."

எனக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வாப்பாவின் மேல், அந்தோணியின் மேல், சேது அண்ணனின் மேல், பக்கத்திலேயே உட்கார்ந்து போய்வந்தும் ஒரு நாள் கேட்காத என் மேலும்தான். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். புறங்கையில் பழைய நகத்தடங்கள் வெளுத்துக் கிடந்தன.

கொஞ்ச தூரம் போனதும் உம்மா கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியின் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் திருப்பினார்கள். வாப்பா போட்ட அளவைத் தாண்டிக் கண்ணாடி இன்னும் ஒரு விரல் இறங்கியது. அப்புறம் இன்னொரு விரல்.

"நாளைக்கு என்ன பரிட்சை?" என்று கேட்டார்கள்.